பத்தொன்பது நாள் நாற்காலி

தங்கை ஈவியா கார்க் நகரத்திலிருந்து ரீகாவுக்கு வருகிறாள்,
பத்து மாதக் குழந்தையோடு, பத்தொன்பது நாளைக்கு.
விமானத்தில் ஒரு பெட்டிதான்,
மற்றதை அங்கே பார்த்துக்கொள் அண்ணா என்றாள்,
என் ஒற்றையறை வீட்டில்
கட்டிலும் தள்ளுவண்டியும் காய்த்துத் தொங்குகிற மாதிரி.

வாடகைக் கடையில் விசாரித்தேன்.
உயர நாற்காலிக்கு ஒரு நாளைக்கு நாலு யூரோ,
கட்டிலுக்கு ஆறு, வண்டிக்கு ஏழு.
டிராம் அட்டவணையின் பின்பக்கத்தில் பெருக்கினேன்:
முன்னூற்று இருபத்து மூன்று.
இன்னொரு தரம் பெருக்கினேன்.
குறையவில்லை.

கார் சீட் மட்டும் புதிதாக வாங்கினேன்.
யார் வீட்டு விபத்தைச் சுமந்து வந்தது என்று
பழையது வாய் திறந்து சொல்லாது.
கார் என்னிடம் கிடையாது, அது ரைமோன்ட்ஸுடையது.
விமான நிலையத்துக்கு ஒரு சவாரி, திரும்ப ஒரு சவாரி.
அதற்கே போயிற்று ஒரு மாத ஓவர்டைம்.

கட்டில், சீட்டுப் பரிசோதகர் இங்குனா கொடுத்தது.
அவளுடைய இரட்டையர் இப்போது
அவளைவிட உயரம்.
எட்டு போல்ட்டில் ஒன்று காணோம்.
பணிமனையில் தேடி, கழித்துப்போட்ட டிராம் இருக்கையிலிருந்து
ஒன்றைக் கழற்றிப் போட்டேன்.
அச்சாகப் பொருந்தியது.
வண்டி ரைமோன்ட்ஸின் நிலவறையில் கிடந்தது.
திருப்பத்தில் என் டிராம் போலவே கிறீச்சிட்டது,
அதே கிரீஸை வைத்தேன், அடங்கிவிட்டது.

நாற்காலிதான் கிடைக்கவில்லை.

கிடைக்கவில்லை என்றா சொன்னேன்?
நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.
மருந்துக்கடை முனையில் சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம்
என் கண்ணாடிக்கு நேர் மேலே முதல் மாடி பால்கனி,
அதில் குழந்தைகளின் உயர நாற்காலி ஒன்று,
குழந்தை இருக்க வேண்டிய இடத்தில்
ஜெரேனியம் தொட்டி.

விடுமுறை நாளில் போய் மணியடித்தேன்.
கதவைத் திறந்த ஆள் பெயர் உல்டிஸ்,
கையெல்லாம் மீன் செதில்.
எதற்கு அவரிடம் அந்த நாற்காலி என்று
நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
நெடுநேரம் யோசித்து அவர் கேட்டது ஒன்றுதான்:
"அப்போ செடி எங்கே உட்காரும்?"

மறுநாள் என் சமையலறை ஸ்டூலைத்
தூக்கிக்கொண்டு படியேறினேன்.
எனக்கிருந்தது அது ஒன்றுதான்.
அவர் தொட்டியை வைத்து, வெயில் பார்த்து,
கொஞ்சம் திருப்பி வைத்தார்.
"பத்தொன்பது நாள்" என்றேன்.
"எண்ணத் தெரியும்" என்றார்.

குழந்தை ஓர்லா வந்தாள்.
டிராம் போல்ட் போட்ட கட்டிலில்
இரண்டே இரவுதான் தூங்கினாள்,
மிச்ச இரவெல்லாம் ஈவியாவின் கழுத்தில்.
வண்டியில் ஏற்றினால் அழுதாள், இறக்கினால் அழுதாள்.
ஆனால் அந்த நாற்காலி!
பீட்ரூட்டைப் பலகையில் அறைந்து
நெற்றிக்கும் சுவருக்கும் பூசி
சிம்மாசனம் ஏறியவளாட்டம் இருந்தாள்.
நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.
வேலை நேரத்தில், சிவப்பு விளக்கில்,
என் ஸ்டூல் மாடியில் மழை நனைவதைப் பார்த்தேன்.

இருபதாம் நாள் ரைமோன்ட்ஸின் கார் போய் வந்தது.
கட்டிலைப் பிரித்தேன். எட்டாவது போல்ட்டையும்
சேர்த்தே கொடுத்தேன் இங்குனாவிடம்.
நாற்காலியைக் கழுவினேன்,
பட்டைக் கொக்கிக்குள் காய்ந்திருந்த கஞ்சி மட்டும்
ஊசிக்கும் வரவில்லை.

மணியடித்தேன்.
உல்டிஸ் பாதிக் கதவோடு நின்றார்.
"மொட்டு விட்டிருக்கு. இப்ப இடம் மாத்தினா
உதிர்ந்துடும். செப்டம்பர் வரைக்கும் இருக்கட்டுமே."

தூக்கிக்கொண்டு இறங்கினேன்,
அதே படி, அதே கனம்.

இப்போது தட்டை அந்தச் சின்னப் பலகைமேல் வைத்து
கொஞ்சம் குனிந்தாற்போல் நின்று சாப்பிடுகிறேன்.
உயரம் சரியாக இல்லை.
மருந்துக்கடை முனையில் விளக்கு பச்சையானாலும்
பின்னால் யாராவது இருமும்வரை
வண்டி நகர்வதில்லை.